கதை சொல்லும் அப்பாவும் விலகி நின்ற மகனும்: கடைசி நாள்களுக்கான கேள்வி பதில்

என் அப்பா இளம்வயதில் லாரியில் வேலை பார்த்தவர். பிரேக் பிடிக்காமல் போன லாரி ஒன்றை மலைப்பாதையில் பத்திரமாகக் கீழே இறக்கிய கதையை அவர் வாயால் நூறு முறையாவது கேட்டிருப்பேன். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அந்தப் பாதையில் மூன்று வளைவுகள் இருந்தன. நான் கல்லூரிக்குப் போவதற்குள் பதினொன்றாகிவிட்டன. வளைவுகள் கூடக்கூட அவர்மீது எனக்கிருந்த நம்பிக்கை தேய்ந்தது. கடைசியில், என் படிப்புக்கென்று சேர்த்த பணம் எங்கே போனது என்று கேட்டபோதும் ஒரு கதைதான் சொன்னார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவரோடு பேசவில்லை.

இனி சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு போனேன். ஏழு வாரங்கள் உடனிருந்தேன். இதே நிலையில் இருக்கும் மகன்கள் பிறகு என்னிடம் கேட்டவையும், அந்த நாள்களில் யாரிடமாவது கேட்க நான் தவித்தவையும் கீழே உள்ளன. மகள்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். நான் மருத்துவன் அல்லன். உடல்நிலை பற்றி இங்கே சொல்வதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை ஆண்டுகள் கழித்து நான் போகத்தான் வேண்டுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. அடித்தவர், சிதைத்தவர், இன்னும் அருகில் போனால் உங்களை உடைத்துவிடக்கூடியவர் என்றால், சாகப்போகிறார் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். அதை மற்றவர்கள் தீர்மானிக்க விடாதீர்கள். "என்ன இருந்தாலும் அப்பா" என்று சொல்கிறவர்களுக்கு அந்த "என்ன" என்னவென்று தெரியாது.

ஆனால் உங்கள் விலகலுக்குக் காரணம் ஏமாற்றமும் சலிப்பும் ரோஷமும்தான் என்றால், போய்ப் பாருங்கள். அப்படி விலகியவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் கார்ல் பில்லமர் 1,340 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், உறவினர் ஒருவரோடாவது தொடர்பு அற்றுப்போனவர்கள் 27 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த எண் ஒரு சின்ன ஆறுதலைத் தந்தது. ஏதோ அரிய குற்றம் செய்துவிட்டவன்போல் ஒன்பது ஆண்டுகள் நடமாடியிருக்கிறேன்.

போனதும் முதலில் என்ன பேசுவது?

சாதாரணமாக எதையாவது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை அறை வாசலில் மறந்துவிட்டு, "ஜன்னலை மூடட்டுமா?" என்று கேட்டேன். "பாதி மூடு" என்றார். போதுமானதாக இருந்தது.

மன்னிப்புக் கேட்பார் என்று போனேன். அவரோ பழைய கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். இது தப்பித்தல்தானே?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு செய்திகள் என் பார்வையை மாற்றின. முதலாவது, முதியவர்கள் கடந்தகாலத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதை வெறும் முதுமைப் புலம்பல் என்று ஒதுக்கிவந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல் அதற்கு மறுப்பு எழுதினார். சாவு நெருங்குகிறது என்ற உணர்வு, மனிதரைத் தம் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்க வைக்கிறது. தீராமல் கிடப்பவை மேலே வருகின்றன. அது இயல்பான மனவேலை என்றார். அப்படியானால் அப்பா கதைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமாக.

இரண்டாவது, பில்லமர் பேட்டி கண்டவர்களில் மீண்டும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தங்கள் நினைவில் இருக்கும் கடந்தகாலத்தை எதிராளியும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட்டதுதான் அவர்களில் பலருக்கும் வழி திறந்தது. யார் சொன்னது சரி என்று முடிவான பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், கட்டிலில் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"மன்னித்துவிடு, மன்னித்துவிட்டேன், நன்றி, உன்னை நேசிக்கிறேன்" என்ற நான்கையும் சாவுக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஐரா பயாக் என்ற நோய்த்தணிப்பு மருத்துவர் வலியுறுத்துகிறார். நல்ல யோசனைதான். ஆனால் வாழ்நாள் முழுக்க எதையும் நேராகச் சொல்லாத ஒரு மனிதரின் வாயிலிருந்து அந்த நான்கும் அதே வடிவில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். "அந்த லாரியில் உன் வயதில் ஒரு பையன் இருந்தான்" என்று அப்பா ஒருநாள் தொடங்கினார். முன்பு எந்தக் கதையிலும் இல்லாத பையன். அவன் பசியோடு இருந்தான் என்றும், தாம் அவனைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும் சொல்லி நிறுத்தினார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

அவர் சொல்வது பொய் என்று தெரிந்தே எப்படி உட்கார்ந்து கேட்பது?

முழுக்க முழுக்கப் பொய்யாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டிய பத்திரம் அல்ல. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெட்ரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்துத் திரும்பச் சொல்லவைத்தார். 1932இல் வெளியான முடிவுகளில், சொன்னவர்கள் புரியாத இடங்களை விட்டிருந்தார்கள், பழக்கமில்லாததைப் பழக்கமானதாக மாற்றியிருந்தார்கள். மூலக்கதையின் சிறுதோணி சிலரிடம் சாதாரணப் படகாகிவிட்டது. அவர்களில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை புதிதாகக் கட்டப்படுகிறது. அடுத்த முறை நினைவுக்கு வருவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன கதைதான். நாற்பது ஆண்டுகள் சொன்ன பிறகு அப்பாவுக்கே பதினொரு வளைவுகளும் தெரிந்திருக்கும்.

இதைப் புரிந்துகொண்டாலும் எரிச்சல் போய்விடாது. எனக்குப் போகவில்லை. போனது வேறு விதமாக.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை மறுபடியும் லாரிக் கதை. "நடந்ததா இல்லையா" என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போயிருந்ததால், பேச்சுக்கு, "அப்போது கண்ணாடி வழியாக என்ன தெரிந்தது?" என்றேன். இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டிராத கேள்வி. அவர் யோசிக்காமல், "எங்கே பார்த்தேன்? கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்" என்றார்.

லாரி ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அவர் அன்று கிளீனர். வயது பத்தொன்பது. ஓட்டியவர் வேறொருவர், கியரைக் குறைத்துக் குறைத்து, சாலையோர மண்மேட்டில் உரசி, வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. கதை மட்டும் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது; அப்பா எடுத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் கதையை யாரப்பா கேட்பார்கள்?" என்றார். என்னை அவர் "அப்பா" என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"உண்மையா?" என்று கேட்டால் கதைசொல்லி கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டால் தாமே கதவைத் திறந்துவிடுவார். இந்தப் பக்கத்தில் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால் இதுதான்.

அப்படியானால் எந்த மாதிரியான கேள்விகள்?

கதை இதுவரை கேட்கப்படாத கேள்விகள். கையில் என்ன இருந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன வாசனை, வீட்டுக்கு வந்ததும் முதலில் யாரிடம் சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள். கடைசிக் கேள்வியை அவசரப்பட்டு வைக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அவருடைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்துக்குப் போங்கள். வயதானவர்களுக்கு அந்தக் காலத்து நினைவுகள்தான் மற்றவற்றைவிட அடர்த்தியாகத் திரும்பிவரும் என்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. நேற்று யார் வந்தார்கள் என்பது மறந்திருக்கும்; முதல் சம்பளத்தை எந்தப் பையில் வைத்தார் என்பது மறக்காது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள் என்பது இன்னொரு வசதி. உங்கள் மீதான குற்றச்சாட்டு எதுவும் அங்கே இல்லை, அவர்மீதான உங்கள் குற்றச்சாட்டும் இல்லை.

பேசாமல் இருந்த ஆண்டுகளில் என்னைப் பற்றியே ஊராரிடம் கதை கட்டியிருக்கிறார். வாராவாரம் நான் அவருக்குப் போன் செய்வதாகச் சொன்னாராம். இதை எப்படிப் பொறுப்பது?

உங்கள் கோபம் நியாயம். நீங்கள் அழைக்காத ஒவ்வொரு வாரத்துக்கும் அவர் ஓர் உரையாடலை எழுதியிருக்கிறார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவமானத்தை மறைக்க மட்டுமா அப்படிச் செய்தார்? முடிந்தால் கேளுங்கள்: "போனில் நான் என்ன சொன்னேன் என்று அவர்களிடம் சொன்னீர்கள்?" அவர் உங்களிடம் கேட்க விரும்பியது அந்தப் பதிலில் இருக்கும்.

எல்லாவற்றையும் கதையாகவே விட்டுவிட முடியுமா? தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கில்லையா?

இருக்கிறது. கடன், கையெழுத்திட்ட பத்திரங்கள், குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய், யாருக்கும் சொல்லாத உறவு, எந்த சிகிச்சை வேண்டும் எது வேண்டாம் என்ற அவருடைய விருப்பம் ஆகியவற்றைக் கதைக்கு விட்டுவைக்கக் கூடாது. இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து கேட்டால் இரண்டும் கெடும். "இப்போது கதை வேண்டாம் அப்பா, ஆமா இல்லையா மட்டும் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். பெரும்பாலான கதைசொல்லிகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

படிப்புப் பணத்தைப் பற்றி நான் அப்படித்தான் கேட்டேன். "தொலைத்துவிட்டேன்" என்றார். எப்படி, எங்கே, யாரிடம் என்று எதுவும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஜோடனை எதுவும் இல்லாமல் அவர் எனக்குச் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதனாலேயே நம்பினேன்.

ஒரு நாளில் எந்த நேரத்தில் பேசுவது நல்லது?

வலி இருக்கும்போது எந்த நேரமும் நல்ல நேரம் அல்ல. சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்க 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி வந்தபின் மருந்து கொடுக்காமல், வலி தலைதூக்கும் முன்பே வேளை தவறாமல் கொடுக்கவேண்டும் என்பதை நடைமுறையாக்கினார். மனிதர் மனிதராகப் பேசுவதற்கு அதுவே அடிப்படை. மார்ஃபின் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. தொடங்கிய சில நாள்கள் தூக்கக் கலக்கம் இருக்கும்; பிறகு பெரும்பாலும் தெளியும். எந்த வேளையில் அவர் விழிப்பாக இருக்கிறார் என்பது செவிலியருக்குத் தெரியும். அந்த நேரத்தைப் பார்வையாளர் கூட்டத்துக்குக் கொடுத்துவிடாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம். களைத்துப் பாதியில் நிறுத்தினால், மீதியைக் கேட்டு நச்சரிக்கவேண்டாம்.

கதைகளைப் பதிவு செய்யலாமா?

அவரிடம் கேட்டுவிட்டு, தாராளமாக. கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதையே ஒரு சிகிச்சையாக வடிவமைத்தார். நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டு, பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தி, அவர் விரும்பும் ஆளிடம் கொடுப்பார்கள். 2005இல் வெளியான அவருடைய ஆய்வில் 100 நோயாளிகள் பங்கேற்றார்கள். பெரும்பாலோர் நிறைவளித்ததாகச் சொன்னார்கள்.

திருத்தம் செய்யும் உரிமை அவருடையது என்பதை மறக்காதீர்கள். நான் எழுதியதைப் படித்துக்காட்டியபோது, கிளீனர் விவரத்தை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் திருத்தியது வேறு. "பதினொன்று இல்லை, பன்னிரண்டு" என்றார்.

அறையில் இல்லாதவர்களோடு பேசுகிறார். வண்டி வந்துவிட்டதா என்கிறார். இதுவும் கதையா?

இல்லை, இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். சாவை நெருங்குகிறவர்களில் பலருக்கு இறந்துபோன உறவினர்களைக் காணும் கனவுகளும் காட்சிகளும் வருகின்றன. புறப்படுவது, பயணம் போவது போன்ற பேச்சும் வரும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோய்த்தணிப்பு இல்லத்தில் இருந்த 59 பேரிடம் நடத்திய, 2014இல் வெளியான ஆய்வில் 88 சதவீதத்தினர் இத்தகைய கனவு அல்லது காட்சி ஒன்றையாவது கண்டதாகச் சொன்னார்கள். இறந்தவர்கள் வந்த கனவுகளே அவர்களுக்கு அதிக ஆறுதல் தந்தன. முகத்தில் அமைதி இருந்தால், "அங்கே யாரும் இல்லை" என்று திருத்தவேண்டாம். "யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

பயம், பதற்றம், ஆடையைப் பிய்த்தல், மாலையானதும் கூடும் குழப்பம், ஒரே நாளில் மாறி மாறி வரும் தெளிவும் மயக்கமும் இருந்தால் அது டெலிரியம் எனப்படும், உடல்நலக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். நோய்த்தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், மருந்து போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் பின்னால் இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பா எப்போதும் இப்படித்தான் எதையாவது சொல்வார் என்று வீட்டார் விட்டுவிடும் ஆபத்து கதைசொல்லிகளின் வீட்டில் அதிகம். எங்கள் வீட்டில் இரண்டு நாள்கள் அப்படி வீணாயின.

திடீரென்று தெளிவாகப் பேசுகிறார். தேறிவிட்டாரா?

சிலருக்குச் சாவதற்குச் சில மணி நேரமோ சில நாள்களோ முன்பு இப்படி ஒரு தெளிவு வருவதுண்டு. ஏன் என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை. ஊருக்குத் திரும்பும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

கண் திறப்பதில்லை. நான் பேசினால் கேட்குமா?

கேட்கிறது என்றே எண்ணிப் பேசுங்கள். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாவுக்குச் சில மணி நேரமே இருந்த, அசைவற்ற நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். ஒலி மாறும்போது அவர்களில் சிலருடைய மூளை, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. சொல்லின் பொருள் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. எனக்கு அது தடையாக இல்லை.

மூச்சு விட்டு விட்டு வருவதும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆழமாக இழுப்பதும், தொண்டையில் களகளவென்ற ஒலியும் பார்ப்பவர்களைக் கலங்கடிக்கும். அந்தக் கட்டத்தில் அவருக்கு அவற்றால் பெரும்பாலும் துன்பம் இருப்பதில்லை என்று செவிலியர் எங்களிடம் சொன்னார். உதட்டை ஈரப்பஞ்சால் நனைக்கலாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

என்ன பேசுவது என்றால், அவர் கதையை அவருக்கே சொல்லுங்கள். நான் லாரிக் கதையைச் சொன்னேன். கிளீனரை வைத்துத்தான் சொன்னேன். ஆறாவது வளைவில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியைத் தம்பி முடித்தான். அவன் இன்னமும் ஓட்டியது அப்பாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அப்படியே முடித்தான்.

எல்லாம் செய்தும் கோபம் போகவில்லை. இது போலி சமாதானமா?

கோபம் இருந்துகொண்டே தலையணையைச் சரிசெய்ய முடியும். நான் செய்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார். இனி என்ன?

இதற்கு நான் ஆறுதல் வார்த்தை வைத்திருக்கவில்லை. அவர் கதைகள் உங்களிடம் மட்டும் சொல்லப்பட்டவை அல்ல. அவரோடு வேலை பார்த்தவர்கள், தெருவில் அவரோடு நடந்தவர்கள், உங்கள் அம்மா, அவருடைய உடன்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கும், வேறு வேறு வளைவுகளோடு. போய்க் கேளுங்கள். அவர்கள் உங்களைத் திட்டக்கூடும். திட்டி முடித்த பிறகு சொல்வார்கள்.

அவர் கதைகளை என் பிள்ளைகளுக்கு எந்த வடிவத்தில் சொல்வது? அவர் சொன்னபடியா, நடந்தபடியா?

நான் இரண்டையும் சொன்னேன். தாத்தா லாரியை ஓட்டினார் என்று முதலில் சொல்லி, மகள் நன்றாக வாய்பிளந்த பிறகு, உண்மையில் அவர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றேன். ஏமாந்துபோவாள் என்று பயந்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண்ணை மூடிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு வளைவையும் தாத்தா எப்படி எண்ணினார்?" என்று கேட்டாள்.

நான் கேட்கத் தவறிய கேள்வி அது.